போஸ்ட்டாக் தேடுகிறீர்களா? சம்பளம் யார் காசு என்று முதலில் பாருங்கள்

கேள்வி நீளமாக இருந்தது, மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் முதலில் சுருக்கிவிடுகிறேன். நீங்கள் தமிழ்நாட்டில் வேதியியலில் பிஎச்டி முடிக்கும் தறுவாயில் இருக்கிறீர்கள். சோடியம் அயான் பேட்டரிக்கான கேத்தோடு (நேர்முனை) பொருட்கள்தான் ஆய்வு. தீசிஸ் கொடுத்தாகிவிட்டது, வைவா என்ற வாய்மொழித் தேர்வு இன்னும் நடக்கவில்லை. வயது 32, கணவர் கோவையில் வேலை பார்க்கிறார், மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. போஸ்ட்டாக், அதாவது பிஎச்டிக்குப் பிறகு செய்யும் தற்காலிக ஆய்வு வேலை கேட்டு எட்டு மாதத்தில் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களுக்கு 140 விண்ணப்பம் அனுப்பியிருக்கிறீர்கள், இரண்டு இடத்திலிருந்து 'வருந்துகிறோம்' வந்தது, மற்ற இடங்களிலிருந்து அதுகூட வரவில்லை. எந்த நாடு நல்லது, எங்கே தேடுவது, குடும்பத்தோடு போக முடியுமா என்று கேட்கிறீர்கள்.

எந்த நாடு என்பதை அப்புறம் பார்க்கலாம். அந்த 140 தான் எனக்கு உறுத்துகிறது. இரண்டு நாளைக்கு ஒன்றுக்கும் மேல் வருகிறது. அந்த வேகத்தில் யாராலும் ஒரு பேராசிரியரின் கட்டுரையைப் படித்து, யோசித்து, கடிதம் எழுத முடியாது. ஒரே கடிதத்தில் பெயரையும் ஊரையும் மாற்றி அனுப்பியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன், தப்பாக இருந்தால் மன்னிக்கவும். நானும் அதைத்தான் செய்தேன், அதனால்தான் தெரிகிறது.

நான் ஜெர்மனிக்கு வந்து பதினொரு வருடம் ஆகிறது. இரண்டு போஸ்ட்டாக் முடித்து இப்போது ஒரு ஆய்வுக்கூடத்தில் நிரந்தர வேலை. ஆள் எடுக்கும்போது விண்ணப்பங்களை முதலில் சலிப்பது எப்படியோ என் தலையில் விழுந்துவிட்டது. போன முறை ஒரே ஒரு இடத்துக்குத் தொண்ணூற்றுச் சொச்சம் பிடிஎஃப் வந்தது. எங்கள் பேராசிரியர் ஒரு பெண்மணி. காபியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் திறந்தார், முதல் பக்கத்துக்குப் பதினைந்து விநாடி. பிஎச்டி எப்போது முடிந்தது, முதல் பெயராக எத்தனை கட்டுரை, நமக்கு வேண்டிய கருவியைக் கையால் தொட்டிருக்கிறாரா, இவ்வளவுதான். கண்ணில் படவில்லையென்றால் அடுத்தது. 'ரெஸ்பெக்டட் சார்' என்று தொடங்கும் கடிதங்களை விளையாட்டாக எண்ணினேன், இருபத்து மூன்று வந்தது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை, சிரித்துக்கொண்டே மூடினார். ஆனால் மூடினார்.

எங்களுக்கு வேண்டியிருந்தது ஆபராண்டோ எக்ஸ்ஆர்டி செய்தவர், அதாவது பேட்டரி சார்ஜ் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்போதே உள்ளே படிக அமைப்பு எப்படி மாறுகிறது என்று அளக்கத் தெரிந்தவர். ஒரு பெண்ணின் சிவியில் அது நான்காம் பக்கத்தில் இருந்தது, ஏதோ ஒரு ஒர்க்‌ஷாப்பில் கலந்துகொண்டதற்கும் என்எஸ்எஸ் முகாமுக்கும் நடுவில், ஒரே வரியாக. நம்மூர் சிவி எப்படி எழுதப்படும் என்று எனக்குத் தெரியும், அதனால் கடைசிப் பக்கம்வரை தேடினேன். இல்லாவிட்டால் அதுவும் மூடப்பட்டிருக்கும். அவர்தான் இப்போது எங்களோடு வேலை செய்கிறார். நீங்கள் பத்தாம் வகுப்பு மதிப்பெண், தந்தை பெயர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, அளக்கத் தெரிந்ததையும் செய்யத் தெரிந்ததையும் முதல் பக்கத்தின் மேல் பாதிக்குக் கொண்டுவாருங்கள். சிவி இரண்டு பக்கம், கட்டுரைப் பட்டியல் தனியாக.

சரி, இப்போது முக்கியமான விஷயம். போஸ்ட்டாக் என்பதை 'வேலை காலி இருக்கிறது' என்று நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் அது ஒருவர் கையில் இருக்கும், தேதி குறித்த பணம். அந்தப் பணம் யாருடையது என்று தெரிந்தால் எத்தனை வருடம், எவ்வளவு சுதந்திரம், எந்த விசா, வேலை போனால் என்ன கிடைக்கும் என்பதெல்லாம் பாதிக்குமேல் தெரிந்துவிடும்.

முதல் வகை, பேராசிரியர் வாங்கிய திட்டப் பணம். ஜெர்மனியில் டிஎஃப்ஜி என்ற ஆய்வு நிதி அமைப்பு, மத்திய அமைச்சகம், ஐரோப்பிய ஆய்வுக் கவுன்சில் என்று எங்கிருந்தாவது மூன்று அல்லது ஐந்து வருடத்துக்கு வந்திருக்கும். என்ன செய்யவேண்டும் என்பது ஏற்கனவே எழுதி ஒப்புக்கொள்ளப்பட்டது, உங்களைத் தேடுவது அதைச் செய்து முடிக்கத்தான். இரண்டாவது, பல்கலைக்கழகத்தின் சொந்த பட்ஜெட்டில் உள்ள இடம். இதில் பாடம் நடத்தவேண்டியிருக்கும், பல இடங்களில் ஜெர்மன் மொழியும் கேட்பார்கள். மூன்றாவது, உங்கள் பெயருக்கே வரும் ஃபெல்லோஷிப். ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி, ஜெர்மனியின் ஹம்போல்ட் எல்லாம் இந்த வகை. பேராசிரியருக்குச் செலவில்லை என்பதால் கதவு சீக்கிரம் திறக்கும், ஆனால் கிடைக்க ஒரு வருடம்கூட ஆகலாம்.

இதைக் கேட்காமல் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். என் முதல் போஸ்ட்டாக், ஊர் பெயர் வேண்டாம், 'ஒரு வருடம், நீட்டிக்க வாய்ப்புண்டு' என்று எழுதியிருந்தது. சந்தோஷத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். வந்து எட்டாவது மாதம்தான் தெரிந்தது, அந்தத் திட்டம் மூன்று வருடத்துக்கானது, அதில் இரண்டு வருடத்துச் சம்பளம் எனக்கு முன்னால் இருந்தவர் எடுத்தாகிவிட்டது, மிச்சத்துக்குத்தான் நான் வந்திருக்கிறேன். ஆறு மாதம் எங்கிருந்தோ ஒட்டுப்போட்டு நீட்டினார்கள், அதோடு முடிந்தது. யாரும் பொய் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. நேர்காணலின் கடைசியில் 'ஏதாவது கேட்கவேண்டுமா' என்பார்கள், நம்மவர்கள் பெரும்பாலும் 'நோ, தேங்க் யூ' என்று முடித்துவிடுவோம். இந்தத் திட்டம் எப்போது தொடங்கியது, எப்போது முடிகிறது, என் சம்பளத்துக்குப் பணம் எந்த மாதம்வரை ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். இங்கே அது மரியாதைக் குறைவு ஆகாது. கேட்காதவரைத்தான் கொஞ்சம் விசித்திரமாகப் பார்ப்பார்கள்.

தேடும் இடம் பற்றி ஒரு பத்தி போதும். யூராக்ஸஸ் என்பது ஐரோப்பிய ஆணையத்தின் தளம், எல்லா நாடும் அதில் வரும். நெதர்லாந்துக்கு அகாடமிக் டிரான்ஸ்ஃபர், நார்வேக்கு ஜாப்நார்கே. உங்கள் துறைக்கு இவற்றையெல்லாம் விட, யார் அந்த வேலையைச் செய்கிறார்கள் என்று பார்ப்பதே பலன் தரும். பேட்டரி என்றால் ஜெர்மனியில் உல்ம், கார்ல்ஸ்ரூ, முன்ஸ்டர், பிரவுன்ஷ்வைக், ஸ்வீடனில் உப்சாலா, பிரான்சில் அமியான். அமியானும் அதைச் சுற்றியுள்ள பிரெஞ்சு ஆய்வு வலைப்பின்னலும் சோடியம் அயானில் பெரிய கை, அங்கிருந்து ஒரு கம்பெனியே கிளம்பியிருக்கிறது. உங்கள் தீசிஸில் அதிகம் மேற்கோள் காட்டியிருக்கும் இருபது பேரை எடுங்கள், அவர்களில் யாருக்குப் புதிதாகத் திட்டம் கிடைத்திருக்கிறது என்று அவரவர் குழுப் பக்கத்தில் பாருங்கள். திட்டம் கிடைத்த செய்தி வந்து சில மாதத்தில்தான் விளம்பரம் வரும். அந்த இடைவெளியில் போகிற மின்னஞ்சலுக்குத்தான் மதிப்பு.

மின்னஞ்சல் எப்படி இருக்கவேண்டும்? தலைப்பில் 'அப்ளிகேஷன் ஃபார் போஸ்ட்டாக்' என்று போடாமல், சோடியம் கேத்தோடு, இன்ன அளவீடு, இன்ன மாதத்திலிருந்து தயார் என்று போடுங்கள். உள்ளே நான்கைந்து வாக்கியம். பெயரைச் சொல்லி 'டியர் புரொஃபசர்' இன்னார். முதல் வாக்கியத்திலேயே விஷயம்: உங்கள் சமீபத்துக் கட்டுரையில் ஐம்பது முறை சார்ஜ் ஏறி இறங்கிய பிறகு கொள்ளளவு சரிவதைக் காட்டியிருக்கிறீர்கள், என் மாங்கனீஸ் மாதிரியிலும் அதே சரிவு வந்தது, காரணம் ஈரப்பதம் என்று கண்டுபிடித்தோம், படம் இணைத்திருக்கிறேன். இப்படி ஒன்று வந்தால் எங்கள் பேராசிரியர் அந்த மெயிலை எனக்கு ஃபார்வர்டு செய்து 'இது என்ன பார்' என்பார். 'ஐ ஆம் ஹைலி மோட்டிவேட்டட் அண்ட் ஹார்ட் ஒர்க்கிங்' என்று வந்தால் செய்யமாட்டார். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒரே ஒரு முறை நினைவூட்டுங்கள், அதற்குமேல் வேண்டாம். மாதம் ஐந்து மெயில் இந்த மாதிரி போனால் போதும்.

அப்புறம் ஃபெல்லோஷிப். உங்களுக்கு இதில் ஒரு அவசரம் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மேரி கியூரி போஸ்ட்டாக் ஃபெல்லோஷிப்புக்கு வழக்கமாக செப்டம்பரில் கடைசித் தேதி, முடிவு அடுத்த பிப்ரவரி வாக்கில். கடைசித் தேதியன்று பிஎச்டி கையில் இருக்கவேண்டும், பட்டமளிப்பு நடந்திருக்கவேண்டாம், ஆனால் வைவா வெற்றிகரமாக முடிந்திருக்கவேண்டும். நம்மூரில் வெளிநாட்டு எக்ஸாமினர் ரிப்போர்ட் வரவில்லை, கன்ட்ரோலர் அலுவலகத்தில் கோப்பு நகரவில்லை என்று நான்கு மாதம் சர்வசாதாரணமாகப் போகும். நீங்கள் புதிதாகப் பத்து விண்ணப்பம் போடும் நேரத்தில், அந்த அலுவலகத்துக்கு நேரில் நான்கு முறை போய்வாருங்கள். வைவா முடிந்ததும் புரொவிஷனல் சான்றிதழை உடனே வாங்கிவிடுங்கள், ஆள் எடுக்கும் அலுவலகமும் விசா அலுவலகமும் அதைத்தான் முதலில் கேட்கும்.

இன்னொரு விதி பலரைக் கவிழ்த்திருக்கிறது. எந்த நாட்டுக்குப் போக விண்ணப்பிக்கிறீர்களோ அந்த நாட்டில், கடைசித் தேதிக்கு முந்தைய 36 மாதத்தில் 12 மாதத்துக்குமேல் வாழ்ந்தோ வேலை பார்த்தோ இருக்கக்கூடாது. ஜனவரியில் ஜெர்மனிக்கு வந்தால் அந்த செப்டம்பரில் ஜெர்மனிக்கே விண்ணப்பிக்கலாம், அடுத்த செப்டம்பரில் முடியாது, அப்போது பிரான்சுக்கோ ஸ்வீடனுக்கோதான் போடவேண்டும். 'முதலில் போய்ச் சேர்ந்துவிடுவோம், ஃபெல்லோஷிப் மெதுவாகப் பார்ப்போம்' என்று நினைத்தவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள். பிஎச்டிக்குப் பிறகு எட்டு வருட ஆய்வு அனுபவம்வரைதான் அனுமதி, குழந்தைக்காக எடுத்த இடைவெளி அதில் சேராது. போட்டியும் கடுமை. 2024-ல் பத்தாயிரத்துச் சொச்சம் விண்ணப்பம், 2025-ல் அது பதினேழாயிரத்தைத் தாண்டியது. அதனால் இதை மட்டும் நம்பி உட்காராதீர்கள். ஆனால் குறிப்பிட்ட வரம்புக்குக் கீழே மதிப்பெண் வந்தால் அதே இடத்தோடு சேர்ந்து அடுத்த முறை போட முடியாது என்பதால், ஒப்புக்குச் சப்பாணியாக எழுதிப்போடுவதும் ஆபத்து. நல்ல பேராசிரியர் கிடைத்தால் ஜூன் மாதமே எழுதத் தொடங்குங்கள். முக்கியப் பகுதி பத்து பக்கம்தான், அந்தப் பத்து பக்கத்துக்கு மூன்று மாதம் தேவை. பல பல்கலைக்கழகங்களில் வசந்த காலத்தில் இதற்கென்றே பயிற்சி வகுப்பு வைப்பார்கள், அங்கிருக்கும் உதவி அலுவலகம் படித்துத் திருத்தியும் கொடுக்கும்.

ஹம்போல்ட் வேறு மாதிரி. ஜெர்மனிக்கு மட்டும், பிஎச்டி முடித்து நான்கு வருடத்துக்குள், 6 முதல் 24 மாதம். நாட்டுக்கு இவ்வளவு, துறைக்கு இவ்வளவு என்ற ஒதுக்கீடு கிடையாது. ஆளையும் கட்டுரைகளையும் பார்த்து எடுப்பார்கள், அதனால் முதல் பெயராக இரண்டு மூன்று நல்ல கட்டுரை இருந்தால் தாராளமாக முயலுங்கள். ஆய்வு தொடங்குமுன் ஜெர்மன் மொழி வகுப்புக்கும் பணம் தருகிறார்கள், கணவருக்கும் சேர்த்து. குறை என்னவென்றால் அது உதவித்தொகை, சம்பளம் கிடையாது. வரி இல்லை என்று குஷியாக இருக்கும், ஆனால் ஓய்வூதியக் கணக்கிலும் வேலையிழப்புக் காப்பீட்டிலும் ஒன்றும் சேராது. ஒப்பந்தச் சம்பளத்தில் ஒரு வருடம் முழுதாக வேலை செய்தவருக்கு, வேலை முடிந்தால் சில மாதம் உதவித்தொகை கிடைக்கும், ஃபெல்லோவுக்கு அது இல்லை. யார் காசு என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

இப்போது நாடு. ஸ்வீடனில் போஸ்ட்டாக் என்பது முழுநேர வேலை, பொதுவாக இரண்டு வருடம், அதிகபட்சம் மூன்று. பிஎச்டி முடிந்து மூன்று வருடத்துக்குள் இருப்பவர்களைத்தான் முதலில் பார்ப்பார்கள், மகப்பேறு போன்ற காரணம் இருந்தால் கணக்கில் கழித்துக்கொள்வார்கள். அரசுப் பல்கலைக்கழகங்களில் விண்ணப்பங்கள் பொது ஆவணம், யார் யார் போட்டார்கள் என்று யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். இங்கே வேலை பார்த்துக்கொண்டே ரகசியமாகத் தேடுபவர்களுக்கு இது தெரிந்திருப்பது நல்லது. டென்மார்க்கில் ஆராய்ச்சியாளர்களுக்குத் தனியாகக் குறைந்த வரித் திட்டம், ஏழு வருடம்வரை, கட்டாயப் பிடித்தம் சேர்த்தால் 33 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. நெதர்லாந்திலும் வெளியிலிருந்து வருபவர்களுக்கு வரிச்சலுகை உண்டு. சுவிட்சர்லாந்தில் சம்பளம் அதிகம், செலவும் அதற்கேற்ப. பிரிட்டன் 2024 ஜனவரியிலிருந்து ஐரோப்பிய ஆய்வுத் திட்டத்துக்குள் திரும்பி வந்துவிட்டது, ஆனால் விசாவோடு மருத்துவக் கட்டணம் ஆளுக்கு வருடம் ஆயிரம் பவுண்டுக்கு மேல், குழந்தைக்குச் சற்றுக் குறைவு. மூன்று பேருக்கு மூன்று வருடத்துக்குப் பெருக்கிப் பாருங்கள், முன்பணமாகவே கட்டவேண்டும்.

குழந்தையோடு வரும் உங்களுக்கு என் கணிப்பில் ஜெர்மனியும் ஸ்வீடனும்தான். ஜெர்மனியை எனக்கு உள்ளும் புறமும் தெரியும் என்பதால் அதையே சொல்கிறேன்.

பல்கலைக்கழகச் சம்பளம் மாநில அரசு ஊழியர் அட்டவணைப்படி, இ13 என்ற படிநிலை. பேரம் இல்லை. 2025 கணக்கில் முதல் படி முழு நேரத்துக்கு மாதம் மொத்தம் 4,600 யூரோவுக்குச் சற்று மேல், பிடித்தம் போக தனி ஆளுக்கு ஏறக்குறைய அறுபது சதவீதத்துக்கு மேல் கையில் வரும். கணவருக்கு இங்கே வருமானம் இல்லாத வரை உங்கள் வரி வகுப்பை மாற்றிக்கொண்டால் இன்னும் கொஞ்சம் கூடும். வருடம் 30 நாள் விடுப்பு, நவம்பரில் அரை மாதத்துக்குச் சற்றுக் குறைவாக ஒரு போனஸ். விளம்பரத்தில் 100 சதவீதம் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள், 75 என்றும் 50 என்றும் கூட வரும், அப்போது சம்பளமும் அதே விகிதம்தான்.

பேரம் இல்லை என்றேன், ஆனால் எந்தப் படி என்பதில் பேச இடமுண்டு. தொடர்புள்ள அனுபவம் ஒரு வருடம் இருந்தால் இரண்டாம் படி, மூன்று வருடம் இருந்தால் மூன்றாம் படி. ஒன்றுக்கும் மூன்றுக்கும் மாதம் 500 யூரோவுக்கு மேல் வித்தியாசம். உங்கள் ஜேஆர்எஃப், எஸ்ஆர்எஃப் (பிஎச்டி செய்யும்போது வாங்கிய உதவித்தொகை) காலத்தைச் சிலர் சேர்ப்பார்கள், சிலர் 'அது உதவித்தொகைதானே' என்று தள்ளுவார்கள். தேதியும் செய்த வேலையும் தெளிவாக எழுதி, கைடும் துறைத் தலைவரும் கையெழுத்திட்ட சான்றிதழை இப்போதே வாங்கி வையுங்கள், கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேளுங்கள். சேர்ந்த பிறகு கேட்டால் சிரித்துக்கொண்டே கைவிரித்துவிடுவார்கள்.

ஜெர்மனியின் மோசமான பக்கத்தையும் சொல்லிவிடவேண்டும். 2007-ல் வந்த ஒரு சட்டப்படி, தற்காலிக ஒப்பந்தத்தில் ஆராய்ச்சியாளரை வைத்திருக்கப் பிஎச்டிக்கு முன் ஆறு வருடம், பின் ஆறு வருடம் என்று வரம்பு, மருத்துவத்தில் மட்டும் ஒன்பது. குழந்தை இருந்தால் கொஞ்சம் நீளும், திட்டப் பணத்துக்குத் தனி வழி உண்டு. ஒரு வரம்பு வைத்தால் நிரந்தர வேலை கொடுப்பார்கள் என்பதுதான் யோசனை, நடந்தது வேறு, வரம்பு வந்ததும் ஆளையே அனுப்புகிறார்கள். 2021-ல் 'நான்தான் ஹன்னா' என்ற ஹேஷ்டேக்கில் ஆயிரக்கணக்கானோர் குமுறியது இதைப் பற்றித்தான் (ஹன்னா என்பது இந்தச் சட்டத்தை விளக்கிய அமைச்சக வீடியோவில் வரும் ஆய்வாளரின் பெயர்). ஆகவே பேராசிரியர் ஆவேன் என்று மட்டும் வராதீர்கள். உங்களுக்குப் பேட்டரித் துறை என்பதால் கம்பெனிக் கதவும் இருக்கிறது. முதல் நாளிலிருந்தே ஜெர்மன் படியுங்கள், அந்தக் கதவு ஆங்கிலத்தில் பாதிதான் திறக்கும்.

விசா உங்களுக்குப் பெரிய தலைவலி இல்லை. ஆராய்ச்சியாளர் அனுமதி, ப்ளூ கார்டு (உயர் தகுதியுள்ள ஊழியர்களுக்கான குடியிருப்பு அனுமதி) இரண்டுக்கும் தகுதி வரும். 2025-ல் ப்ளூ கார்டுக்கு வருடம் 48,300 யூரோ சம்பளம் வேண்டியிருந்தது, முழுநேர இ13 அதைத் தாண்டிவிடுகிறது. 27 மாதத்தில் நிரந்தரக் குடியிருப்பு, பி1 என்ற நடுத்தர அளவுக்கு ஜெர்மன் தெரிந்தால் 21 மாதத்திலேயே. உதவித்தொகையில் வருபவருக்கு ப்ளூ கார்டு கிடையாது, அதற்கு வேலை ஒப்பந்தம் வேண்டும், மறுபடியும் அதே கேள்விதான். உங்கள் கணவர் ஏ1 என்ற ஆரம்பநிலை ஜெர்மன் தேர்வு எழுதவேண்டாம், வந்ததும் எந்த வேலையும் பார்க்கலாம். மூவருக்கும் சென்னையில் ஒரே சமயத்தில் விண்ணப்பியுங்கள், தனியாக வந்து பிறகு அழைத்துக்கொள்ளலாம் என்று விட்டால் குழந்தையைப் பிரிந்து எத்தனை மாதம் என்று சொல்ல முடியாது.

குழந்தைக்கு ஒரு வயது முடிந்ததிலிருந்து காப்பகத்தில் இடம் சட்டப்படி உரிமை. 2013-லிருந்து அப்படித்தான். சட்டத்தில் இருக்கிறது, காப்பகத்தில் இடம் இருக்கிறதா என்பது வேறு கதை. பெர்லினில் கட்டணமே இல்லை, தெற்கே உல்ம் பக்கம் வந்தால் மாதாமாதம் கட்டவேண்டும், காத்திருப்போர் பட்டியலும் நீளம். எங்களுக்கு வீடு கிடைத்து, கட்டில் வாங்கி, திரைச்சீலை மாட்டி, அப்புறம்தான் பையனுக்கான காப்பகத்தைப் பற்றி யோசித்தோம். ஒன்பது மாதம் நானும் மனைவியும் முறைவைத்து ஆய்வுக்கூடத்துக்கும் வீட்டுக்கும் ஓடினோம். பல நகராட்சிகள் இணையத்திலேயே பதிவு வாங்குகின்றன, சில இடங்களில் பல்கலைக்கழகமே தன் ஊழியர்களுக்கென்று சில இடங்களைப் பிடித்து வைத்திருக்கும், வரவேற்பு மையத்தில் கேட்டால் சொல்வார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட அன்றைக்கே பாப்பா பெயரைக் கொடுத்துவிடுங்கள், வீடு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.